நோய்நாடும் நெறி: நுரையீரலில் தோன்றும் அரியதொரு குருதிக்கலன் புற்று

மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவப் பெருந்தகை, மருத்துவன் செய்யவேண்டிய காரியங்களை முறைப்படுத்திக் கூறுமிடத்து, நோய் இன்னதென்று துணிதலை முதலிலே வைத்தார். காரணத்தை ஆராய்தலையும் தணிக்கும் வழியைத் தேடுதலையும் அதன் பின்னரே வைத்தார். இம்முறைவைப்பு ஓசை நயங் கருதி அமைந்ததன்று. நோயின் பெயர் பிழைத்தால் அதன்பின் வருவன யாவும் பிழைக்கும். கொடிய நோயை எளியதென்று கொண்டவன் காலத்தை இழப்பான். மெல்ல நடக்கும் நோயைக் கடுகி வரும் நோயென்று கொண்டவன், வேண்டாத மருந்தின் துன்பத்தையும் வேண்டாத அச்சத்தையும் நோயாளியின் தலைமேற் சுமத்துவான்.

இவ்வுண்மைக்குச் சான்றாக யாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்டது, நுரையீரலின் நுண்ணிய குருதிக்கலன்களிலே தோன்றும் மிக அரிய புற்றுநோய் ஒன்றாகும். பத்து இலட்சம் மக்களுள் ஒருவரிடத்தே காணப்படுதலும் அரிது என்று மருத்துவ நூலார் இதனை மதிப்பிடுவர். இத்துணை அரிய நோயைப்பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவானேன் என்று வினவுவார்க்கு எம் விடை இரண்டு. மருத்துவர் எவ்வாறு படிப்படியாக எண்ணித் துணிகின்றனர் என்பது, வழமையான நோய்களைவிட இத்தகைய அரிய நோயிலேயே தெளிவாகப் புலப்படும் என்பது ஒன்று. மற்றையது தமிழாசிரியராகிய எமக்கு உரியது. இந்நோயின் வரலாறு பெரும்பாலும் ஒரு பெயரின் வரலாறாகும். பிழையான பெயரோடு உலகிற்கு அறிமுகமாகி, ஏழாண்டுகளின் பின்னர்ப் பெயர் திருந்தப்பெற்ற நோய் இது. சொல்லை ஆராய்வது எம் தொழிலாதலின், இதனைச் சொல்ல முற்பட்டேம். மருந்து கூறும் உரிமை எமக்கில்லை. அது கற்றுத் துறைபோகிய மருத்துவர்க்கே உரியது.

கலமும் கலனும்

பொருளுக்குட் புகுமுன் சில சொற்களைத் தெளிந்துகொள்ளுதல் நன்று. உயிர்ப்பொருளின் மிகச் சிறிய அலகைக் கலம் என்றும், குருதி ஓடும் குழாயைக் கலன் என்றும் நம் நாட்டு அறிவியற் பாடநூல்கள் வழங்கும். ஓரெழுத்து மாறினாற் பொருள் முற்றும் மாறும். ஒரு தன்மையவான கலங்கள் கூடித் தொழில் செய்யுந் தொகுதி இழையம் எனப்படும். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் சொல்லும் முயற்சி யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1847 ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழ் வாயிலாகவும் மருத்துவங் கற்பித்து, உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கியும் வெளியிட்டார். அவர் முயற்சியும் அவருக்குப் பின்வந்த கலைச்சொல்லாக்கியோர் முயற்சியும் சேர்ந்தே, இன்று இத்தகைய பொருளை இடர்ப்பாடின்றித் தமிழில் எழுத வழிசெய்துள்ளன.

குருதி உடலெங்குஞ் சுற்றி வருகின்றது என்பதை ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹார்வி 1628 இல் விளக்கினார். எனினும், நாடிகளிலிருந்து நாளங்களுக்கு அக்குருதி எவ்வழியாற் செல்கின்றது என்பதை அவர் கண்ணாற் கண்டிலர். 1661 இல் இத்தாலியராகிய மல்பிகி தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியால் நோக்கி, மயிரினும் நுண்ணிய குழாய்களைக் கண்டார். ஆக, மயிர்க்குழாய்கள் மனிதர் கண்ணுக்கு முதன்முதல் தோன்றிய இடமே நுரையீரல்தான். மனித நுரையீரலில் முப்பது கோடிக்கு மேற்பட்ட காற்றுச் சிற்றறைகள் உள. அவை ஒவ்வொன்றையும் இம்மயிர்க்குழாய்கள் வலைபோற் சூழ்ந்து நிற்கின்றன.

ஈண்டு இருவகைக் கலவிரிப்புக்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். தோலின் மேற்புறத்தையும், மூச்சுக்குழாய், சிற்றறை முதலியவற்றின் உட்புறத்தையும் மூடியிருப்பது மேலணி. குருதிக்கலன்களின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய விரிப்பு அகவணி. அகவணிக்கு மேனாட்டு மொழிகளில் வழங்கும் எண்டொத்தீலியம் என்னும் பெயரை 1865 இல் ஆக்கியவர் வில்லெம் ஹிஸ் என்னும் உடற்கூற்றறிஞர். நுரையீரற் புற்றுநோய் என்று நாம் வழக்கமாகக் கேள்விப்படுவது மேலணிக் கலங்களிலிருந்து தோன்றுவது. நாம் எடுத்துக்கொண்ட நோயோ அகவணிக் கலங்களிலிருந்து தோன்றுவது. இவ்வொரு வேறுபாட்டை உளங்கொண்டார்க்குப் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

நோய் வெளிப்படும் விதம்

இந்நோய் ஈரல், நுரையீரல், என்பு ஆகிய மூன்றிடங்களிலே பெரிதுங் காணப்படும். ஆடவரிலும் பெண்டிர்க்கே மிகுதியாக உண்டாகும். நடுவயதினரிடத்தே பெரும்பாலுந் தோன்றுமாயினும், இளைஞரையும் முதியோரையும் அறவே விடுவதன்று. புகைபிடித்தலுக்கும் இதற்குந் தொடர்புண்டென்று நிறுவப்படவில்லை.

தெளிவின்பொருட்டு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் நாற்பது வயதுடைய ஓர் ஆசிரியை. நல்ல உடல்நலம் உடையவர். சிறியதொரு சத்திரசிகிச்சைக்கு முன்னர் அவருக்கு நெஞ்சு எக்ஸ்-கதிர்ப்படம் எடுக்கப்படுகின்றது. படத்திலே இரு நுரையீரல்களிலும், பயறு தூவினாற்போலச் சிறு வெண்புள்ளிகள் பரந்து கிடக்கின்றன. அவருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, மெலிவும் இல்லை. இவ்வாறு தற்செயலாக வெளிப்படுதல் இந்நோய்க்கு இயல்பு. நோயாளர் பலர் யாதொரு குறியுமின்றியே கண்டறியப்படுகின்றனர். ஏனையோரிடத்தே வறட்டிருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுநோ, சில வேளைகளில் இருமலோடு குருதி, உடல் மெலிதல் என்பன தோன்றலாம். ஆயின், இவற்றுள் எதுவும் இந்நோய்க்கே உரிய குறியன்று. நுரையீரல் நோய்கள் பலவற்றுக்கும் பொதுவானவை இவை.

இப்புள்ளிகளைக் கண்டவுடன் மருத்துவர் உள்ளத்தில் எழுவன யாவை? முதலாவது சயரோகம். நம் நாட்டைப் போலச் சயரோகம் இன்னும் முற்றாய் ஒழியாத நாடுகளில் அவ்வெண்ணம் முதலில் எழுதல் முறையே. இரண்டாவது, உடலின் வேறோரிடத்திலே தோன்றிய புற்றுநோய் குருதி வழியே நுரையீரலிற் பரவியிருத்தல். இருபுறமும் பல புள்ளிகள் காணப்படுமிடத்து மருத்துவர் பெரிதும் அஞ்சுவது இதனையே. அவற்றின் பின்னர்க் காளான் தொற்று, சார்கொயிடோசிஸ் என்னும் அழற்சி நோய், கற்றூள் படிவதாலாகும் நோய், மூட்டுவாதத்தோடு வருங் கணுக்கள் முதலியன வரும். இவ்வரிசையில் நம் அரிய நோய் கடைசியிலேயே நிற்கும். பல வேளைகளில் இடம்பெறாமலும் போகும்.

அதற்காக மருத்துவரைக் குறைகூறுதல் பொருந்தாது. அடிக்கடி வருவதை முதலில் எண்ணுவதே நல்ல மருத்துவ நெறி. எண்ணியதை நிறுவ முயலாது அமைதலே குற்றமாகும். சளியிலே சயரோகக் கிருமி காணப்படாதபோதும், மருந்து கொடுத்தும் புள்ளிகள் மாறாதபோதும், உடலில் வேறெங்குந் தேடியும் முதற்புற்று அகப்படாதபோதும், வரிசையின் கடையிலுள்ளதையும் எடுத்து நோக்கவேண்டிய வேளை வந்துவிடுகின்றது.

நிழல்கள் சொல்வனவும் சொல்லாதனவும்

1895 இல் றொன்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டபின், உடலைத் திறவாமலே உள்ளே நோக்கும் வழி பிறந்தது. 1971 இல் லண்டனிலே ஹௌன்ஸ்பீல்ட் அமைத்த பொறியால், கணினியின் துணைகொண்டு உடலைக் குறுக்குவெட்டாகக் காணும் முறை முதன்முதல் ஒரு நோயாளியிடத்துப் பயன்படுத்தப்பட்டது. அதற்காக அவருக்கும் கோமக் என்பவருக்கும் 1979 இல் நோபெற் பரிசு கிடைத்தது. சாதாரணக் கதிர்ப்படத்தில் ஒன்றன்மேலொன்றாய்க் கலந்து தோன்றும் நிழல்கள், இம்முறையிலே தனித்தனி இடம்பெற்றுத் தோன்றும்.

அப்படங்களிலே இந்நோய் பெரும்பாலும் ஒரு தோற்றத்தை உடையது. இரு நுரையீரல்களிலும் பல சிறு கணுக்கள் காணப்படும். அவற்றுட் பல ஒரு சென்ரிமீற்றருக்கும் உட்பட்டவை. இரண்டு சென்ரிமீற்றரைக் கடப்பன சில. அவை சிறு குருதிக்கலன்களையும் சிறு மூச்சுக்குழாய்களையும் அடுத்தே அமைந்திருக்கும். சிலவற்றிலே சுண்ணாம்புச் சத்துப் படிந்திருத்தலும் உண்டு. அங்ஙனம் படிந்தவற்றை ஆறிப்போன பழைய சயரோகத் தழும்பு என்று கருதுதல் எளிது. சிலரிடத்தே ஒரே கணு மட்டுங் காணப்படும். இன்னுஞ் சிலரிடத்தே நோய் நுரையீரலைச் சூழ்ந்த புடைச்சவ்விற் பரவி, அதனைத் தடிக்கச் செய்து, நீரையுஞ் சேர்க்கும். இது கன்னார்த் தூளாலே புடைச்சவ்வில் உண்டாகும் புற்றைப் பெரிதும் ஒத்திருப்பது. மூன்று தோற்றங்களுள்ளும் கொடியது.

இந்நோயின் மற்றொரு தன்மை அதன் மெல்நடை. கணுக்கள் பல்லாண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்றலும் உண்டு. ஆகவே, நோயாளியின் பழைய கதிர்ப்படம் ஒன்று கிடைக்குமாயின் அது பெருஞ் செல்வமாகும். ஐந்தாண்டுகளுக்கு முன் எடுத்த படத்திலும் அதே புள்ளிகள் இருந்தன எனின், விரைந்து பரவும் புற்றுநோய் என்னும் எண்ணம் பெரிதும் தளரும். பழைய படங்களை வேண்டாத காகிதங்களோடு எறிந்துவிடாது பேணி வைத்தல், படித்தவர் பாமரர் யாவரும் கைக்கொள்ளத்தக்க பழக்கமாகும்.

கலங்கள் வெல்லத்தை உண்ணும் வேகத்தை ஒளிப்புள்ளிகளாகக் காட்டும் மற்றொரு படமுறையும் இன்று உண்டு. இந்நோயின் சிறு கணுக்கள் அப்படத்தில் ஒளிர்தலும் ஒளிராமையும் உண்டாதலின், ஒளிராமை கொண்டு நோயில்லை என்று துணிதலாகாது. ஆயினும், ஈரலிலோ என்பிலோ இந்நோய் ஒளிந்திருக்கின்றதா என்று ஒரே முறையில் உடல் முழுவதையுந் தேடுதற்கு அது பயன்படும். சுருங்கக் கூறின், புள்ளி எங்கே உண்டு, எத்தனை உண்டு, எவ்வளவு பெரிது என்னும் மூன்று வினாக்களுக்கு நிழல் விடை சொல்லும். அது யாது என்னும் நான்காம் வினாவுக்கு நிழல் உறுதியான விடை சொல்ல மாட்டாது.

இழையத்தை எடுத்தல்

நான்காம் வினாவுக்கு விடைகாண, நோயுற்ற இழையத்திற் சிறு துண்டொன்றை எடுத்தே ஆகவேண்டும். அதற்கு வழிகள் மூன்று.

முதலாவது, மூச்சுக்குழாயின் வழியே குழற்கருவியைச் செலுத்துதல். 1897 இல் ஜேர்மனியிலே கில்லியன் தொடக்கிய இம்முறையை, 1960 களில் யப்பானிய வைத்தியர் இக்கேதா வளையத்தக்க கருவியால் எளிதாக்கினார். ஆனால், இந்நோயின் கணுக்கள் மூச்சுக்குழாயின் உள்ளே இல்லாமல், அதற்கு அப்பால் நுரையீரலின் ஓரங்களிலே சிறியனவாய் இருத்தலின், இவ்வழியாற் பல வேளைகளில் எதுவும் அகப்படுவதில்லை. குழற்கருவிச் சோதனையில் ஒன்றுங் காணப்படவில்லை என்பது, நோய் ஒன்றுமில்லை என்பதற்கு ஈடாகாது.

இரண்டாவது, கணினிப் படத்தின் வழிகாட்டலோடு நெஞ்சுச்சுவரினூடே ஊசியைச் செலுத்தித் துண்டெடுத்தல். இஃது எளிது, ஆயின் கிடைக்கும் துண்டு மிகச் சிறிது. இக்கணுக்களின் நடுப்பகுதி பெரும்பாலும் உயிர்க்கலம் குறைந்து இறுகிக் கிடப்பதாகலின், ஊசி நடுவிற் பாய்ந்தால் உயிரற்ற பொருளே வரும், விடை வராது.

மூன்றாவது, நெஞ்சிலே சிறு துளைகளிட்டு, ஒளிக்கருவியால் உள்ளே நோக்கி, கணுவைச் சூழ்ந்த நுரையீரலோடு சேர்த்து ஆப்புவடிவாக ஒரு துண்டை வெட்டியெடுத்தல். இதற்கு மயக்கமருந்தும் வைத்தியசாலைத் தங்கலும் வேண்டும். எனினும், கணுவின் நடுவும் விளிம்பும் ஒருங்கே கிடைத்தலின் ஐயந்தீர்க்கும் ஆற்றல் இதற்கே மிகுதி. எளிய வழி இரண்டும் பயன்படாதபோது இவ்வழியை நாடுதற்குத் தயங்குவதால், பலரிடத்தே மாதங்களும் ஆண்டுகளும் கழிந்துவிடுகின்றன.

நுணுக்குக்காட்டியின் கீழே

எடுத்த துண்டு போமலினில் இடப்பட்டு, மெழுகிற் பதிக்கப்பட்டு, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நாலைந்து பங்கு தடிப்புடைய சீவல்களாக வெட்டப்படும். பின்னர் நீலமுஞ் சிவப்புமாகிய சாயங்கள் ஊட்டப்படும். இப்பொழுது நோயியலறிஞர் காண்பது என்ன?

கணு வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். அதன் நடுப்பகுதி வெளிறி, பளிங்குபோல் இறுகி, கலங்கள் அருகியிருக்கும். விளிம்பிலே உயிர்க்கலங்கள் செறிந்திருக்கும். நோய் சிற்றறைகளின் சுவரை இடித்துத் தள்ளாது, சுவர்களிலுள்ள நுண்டுளைகளின் வழியே ஓரறையிலிருந்து மற்றோரறைக்குப் புகுந்து, அறைகளை நிரப்பிச் செல்லும். வீட்டை இடியாமலே அறைதோறும் வெள்ளம் புகுந்தாற் போன்றது இக்காட்சி.

கலங்களை அணுகி நோக்கினால் வியப்பு மிகும். அகவணிக் கலம் இயல்பாகத் தட்டையானது. இந்நோயிலோ அது பருத்து, உருண்டு, மேலணிக் கலத்தைப் போலவே தோன்றும். அதனுள்ளே ஒரு வெற்றிடம் குமிழிபோற் காணப்படும். சில வேளைகளில் அக்குமிழியினுள் ஒரு செங்குழியம் அகப்பட்டுக் கிடக்கும். குருதிக்கலனை அமைக்கும் பிறவிக் கடமையை மறவாத ஒற்றைக் கலம், தானே ஒரு குழாயாக முயன்றதன் அடையாளம் அது. இதனைக் கண்டறிந்தவர்க்கு நோயின் மூலம் புலப்பட்டுவிடும். காணத் தவறியவர்க்கோ அக்குமிழி, இரைப்பை முதலிய உறுப்புக்களிலிருந்து பரவும் மேலணிப் புற்றின் சளிக்குமிழியாகவே தோன்றும். இரண்டும் உருவில் ஒத்தவை, உட்பொருளில் வேறானவை.

ஐயத்தை நீக்குதற்குப் பிறபொருளெதிரிகள் உதவுகின்றன. ஒவ்வொரு வகைக் கலமும் தனக்குரிய சில புரதங்களை உடையது. அப்புரதத்தை மட்டுமே பற்றும் பிறபொருளெதிரியோடு நிறப்பொருளை இணைத்து இழையத்தின்மீது இட்டால், அப்புரதம் உள்ள இடம் நிறம் பெறும். 1975 இல் கோலரும் மில்ஸ்ரைனும் ஒரே தன்மையவான பிறபொருளெதிரிகளை வேண்டிய அளவு ஆக்கும் வழியைக் கண்டபின், இம்முறை உலகெங்கும் பரவிற்று. அகவணிக் கலங்களைக் காட்டுவன சீ.டி. 31, சீ.டி. 34, ஈ.ஆர்.ஜி. என்னும் பெயருடைய புரதங்கள். மேலணிக் கலங்களைக் காட்டுவது கெரற்றின் என்னும் புரதம்.

இங்கேதான் பொறி அமைந்திருக்கின்றது. இந்நோயின் கலங்கள் அகவணிக்குரியனவாயினும், அவற்றுட் சில கெரற்றினையும் உடையனவாயிருக்கும். ஆதலின், கெரற்றினை மட்டுஞ் சோதித்து அது நிறம் பெற்றது கண்டவர், இது மேலணிப் புற்றே என்று எழுதிவிடல் கூடும். நுரையீரல் இரண்டிலும் பரவிய மேலணிப் புற்று என்று எழுதப்பட்ட தாள், நோயாளிக்கு எத்தகைய செய்தியாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. முன்னே கற்பனை செய்த அவ்வாசிரியை, கடுமையான மருந்துகளை உடனே ஏற்கவும், இன்னுஞ் சில மாதமே உண்டு என்று தம் மக்களுக்கு ஒழுங்கு செய்யவும் நேரும். உண்மையில் அவர் உடலிலிருப்பது, பல ஆண்டு அசையாது நிற்கவும் கூடிய நோய். கேட்கப்படாத வினாவுக்கு இழையம் விடை சொல்வதில்லை. அகவணியோ என்று வினவும் எண்ணம் நோயியலறிஞருக்குத் தோன்றுதலே இந்நோயை அறிதற்கண் முதன்மையானது.

பெயர் பிழைத்ததும் திருந்தியதும்

இப்பொறியிலே அகப்பட்டவர் கல்லாதவர் அல்லர். நுரையீரல் நோயியலிலே தலைசிறந்தவராகிய அமெரிக்கர் அவெறில் லீபோவும் அவர்தம் துணைவர் டேவிட் டெயிலும், 1975 இல் இந்நோயை முதன்முதலாக விவரித்தனர். அவர்கள் அதனை மேலணிப் புற்று என்றே கருதினர். நுரையீரற் சிற்றறைகளின் மேலணியிலே தோன்றிக் குருதிக்கலன்களுட் புகுந்தது எனக் கொண்டனர். அக்கருத்துக்கேற்ப, 'கலனகச் சிறுமூச்சுக்குழற் சிற்றறைக் கட்டி' என்று பொருள்படும் நெடும்பெயரும் இட்டனர். காட்சி முற்றும் மெய். காட்சிக்குக் கூறிய காரணமே தலைகீழாயிற்று. கலன் இந்நோய் புகுந்த வீடு அன்று. அது பிறந்த வீடு.

1979 இல் கொறினும் அவர்தம் துணைவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அக்கலங்களை ஆராய்ந்து, அவை அகவணிக் கலங்களின் இயல்பை உடையன என்று காட்டினர். 1982 இல், வாஷிங்ரனிலிருந்த படைத்துறை நோயியல் நிறுவகத்தைச் சேர்ந்த ஷரன் வைஸ் அம்மையாரும் பிரான்ஸ் என்சிங்கரும், உடலின் மென்னிழையங்களிலே தோன்றிய 41 நோயாளரின் கட்டிகளை ஆராய்ந்து, இன்று வழங்கும் பெயரை இட்டனர். எப்பித்தீலியொயிட் ஈமாஞ்சியோ எண்டொத்தீலியோமா என்பது அப்பெயர். நாவுக்கு வன்மையான இச்சொல், பிரித்து நோக்குவார்க்கு நேர்மையானது. எப்பித்தீலியொயிட் என்பது மேலணியைப் போன்றது எனவும், ஈமா என்பது குருதி எனவும், ஆஞ்சியோ என்பது கலன் எனவும், எண்டொத்தீலியோமா என்பது அகவணியிற் பிறந்த கட்டி எனவும் பொருள்படும். மேலணிப்போலிக் குருதிக்கலன் அகவணிக் கட்டி என நாம் தமிழிற் கூறலாம். போலி என்ற ஒரு சொல், முன்னோர் மயங்கிய இடத்தைப் பெயரிலேயே குறித்து, பின்னோர்க்கு எச்சரிக்கையாக நிற்கின்றது. நுரையீரலிற் கண்டதும் மென்னிழையத்திற் கண்டதும் ஒன்றே என்பது விரைவில் உடன்பாடாயிற்று. 1983 இல் டெயிலும் துணைவரும் இருபது நோயாளரைப்பற்றி வெளியிட்ட விரிவான ஆராய்ச்சியிலே, அவர்களும் அதனை அகவணிக் கட்டி என்றே கொண்டனர். தாம் இட்ட பெயரின் பொருளைத் தாமே திருத்திய அப்பெருந்தன்மை கற்போர் போற்றத்தக்கது.

நிறமூர்த்தத்தின் சாட்சி

உருவாலும் சாயத்தாலும் அறிந்ததனை, பரம்பரையலகின் ஆராய்ச்சி இந்நூற்றாண்டிலே உறுதிப்படுத்தியுள்ளது. இந்நோயின் கலங்களில் முதலாம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டும் மூன்றாம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டும் இடம்மாறி ஒட்டியிருத்தல் 2001 இல் அறிவிக்கப்பட்டது. 2011 இல் இரு ஆய்வுக்குழுவினர், அவ்வொட்டினால் இணைந்த பரம்பரையலகுகள் டபிள்யூ.டபிள்யூ.ரீ.ஆர். 1 என்பதும் கம்ரா 1 என்பதுமாம் என்று கண்டனர். இந்நோயாளருள் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றின்மரிடத்தே இவ்விணைப்புக் காணப்படுகின்றது. 2013 இல், எஞ்சிய சிலரிடத்தே யப் 1, ரீ.எவ்.ஈ. 3 என்னும் வேறிரண்டு அலகுகள் இணைந்திருத்தல் கண்டறியப்பட்டது.

இவ்விணைப்பு எவ்வாறு தீங்கு செய்கின்றது? முதலாவது அலகு ஆக்கும் புரதம், கலங்கள் பெருகுமாறு கருவினுட் சென்று ஏவும் இயல்புடையது. இயல்பான கலத்திலே அதனைக் கருவினுட் புகாது தடுக்கும் காவல் ஒன்றுண்டு. அக்காவலுக்கு அறிவியலார் இட்ட பெயர் ஹிப்போ, அதாவது நீர்யானை. அக்காவல் கெட்ட பழ ஈக்களின் இழையம் அளவின்றிப் பெருத்து, தோல் நீர்யானையினது போல மடிந்தமையால் வந்த பெயர் அது. கம்ராவோடு இணைந்த புரதமோ அக்காவலுக்கு அடங்காது கருவினுள்ளேயே தங்கிவிடுகின்றது.

நோயை அறிதற்கும் இதுவே துணையாயிற்று. கம்ரா என்னும் புரதத்தைக் காட்டும் பிறபொருளெதிரி 2015 ஆம் ஆண்டளவிலிருந்து பயன்படுகின்றது. அகவணிக் குறிகளோடு, கலத்தின் கருவிலே கம்ராவும் நிறம் பெறுமாயின், ஐயம் பெரும்பாலும் நீங்கும். குருதிக்கலன்களிலே தோன்றும் பிறிதொரு புற்றாகிய ஆஞ்சியோசார்க்கோமாவினின்று இதனைப் பிரித்தறிதற்கும் அது பயன்படும். அந்நோய் மிகக் கொடியது, விரைந்து பரவுவது, கணுவைச் சூழக் குருதி கசிதலால், படத்திலே புகைவளையம் போன்ற நிழலை உண்டாக்குவது. இரண்டும் அகவணிக் குடியிற் பிறந்தனவேனும், நடையால் மிக வேறுபட்டவை.

பெயர் துணிந்தபின்

பெயர் துணிந்தபின், நோய் எங்கெங்கு உளதென்று ஈரலையும் என்புகளையும் தேடுதல் வேண்டும். அதன்பின் நோயின் நடையை மதிப்பிடுவர். குறியேதுமின்றிச் சிறு கணுக்கள் மட்டும் உடையோர் பல்லாண்டு நலமாய் வாழ்தல் உண்டு; மருந்தின்றிக் கணுக்கள் தாமே சுருங்கியதாக அறிவிக்கப்பட்டோரும் மிகச் சிலர் உளர். புடைச்சவ்வில் நீர் சேர்தல், இருமலோடு குருதி வருதல், உடல் மெலிதல் என்பன தீக்குறிகள். அவை உடையோர்க்கு நோய் விரைந்து முற்றும். யாவர்க்கும் பொருந்தும் ஒரே மருந்து என்று இதற்கு ஒன்றில்லை. ஒற்றைக் கணுவாயின் சத்திரசிகிச்சையால் அகற்றுவர். அசையாது நிற்கும் பல கணுக்களாயின், குறித்த காலந்தோறும் படமெடுத்துப் பார்த்திருத்தலும் ஒரு நெறியே. வளர்வதாயின் சிறோலிமஸ் போன்ற மருந்துகளைப் பயன்படுத்துவர். பார்த்திருத்தல் என்பது கைவிடுதல் அன்று என்பதை நோயாளிக்கும் சுற்றத்தார்க்கும் எடுத்துரைத்தல் மருத்துவரின் கடன். பெயர் சரியாகத் துணியப்பட்டாலன்றி அந்த ஆறுதலைச் சொல்ல ஒருவராலும் இயலாது.

இக்கட்டுரையைப் படிப்போருள் எவரேனும் இந்நோயை நேரிற் காண்பது அரிது. எனினும், இதிலிருந்து யாவரும் கொள்ளத்தக்கன சில உள. பழைய கதிர்ப்படங்களைப் பேணுக. இழையம் எடுக்கப்பட்டதாயின், எவ்விடத்தில் எவ்வழியால் எடுக்கப்பட்டது, எச்சோதனைகள் செய்யப்பட்டன என்று பணிவோடு கேட்டறிக. அத்துண்டு பதிக்கப்பட்ட மெழுகுக்கட்டி பல்லாண்டு கெடாதிருக்கும். ஐயம் எழுந்தால் அதனை வேறொரு நோயியலறிஞரிடம் அனுப்பி இரண்டாவது கருத்துப் பெறலாம். அங்ஙனங் கேட்பது முதல் மருத்துவரை அவமதித்தலாகாது. நம் பழைய மாணவருள் மருத்துவராய் விளங்குவோர், தாம் அன்றாடங் கையாளும் இத்தகைய பொருள்களைத் தமிழில் எழுதி இம்மலரின் அடுத்த இதழ்களுக்கு உதவுவாராயின், யாம் இங்கே தொட்டுக் காட்டியவற்றை அவர்கள் துலக்கிக் காட்டுவர். பள்ளிப் பாடநூலிற் கலம், கலன், மேலணி, அகவணி என்று மனனஞ் செய்யும் மாணவரும், அச்சொற்களின் வேறுபாட்டில் ஒருவருடைய வாழ்நாள் அடங்கியிருத்தல் கூடும் என்று அறிந்து கற்பாராக.